போட்டி இல்லாத மாதங்கள்

கென்ட், பெல்ஜியம்
நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கு நலம். அங்கே அப்பா, அம்மா, பாட்டி, நீ எல்லோரும் நலமா?

சென்ற வாரம் பேசியபோது, ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து சைக்கிளைத் தொடவே இல்லை என்றாய். அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை ஓட்டி முடித்தாகிவிட்டது, இனிச் செப்டம்பர் வந்தாலும் எனக்கு அங்கே இடமில்லை, பிறகு எதற்காக விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டாய். அவசரத்தில் ஏதோ பதில் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், இதே கேள்வியை இந்த ஊரில் நானும் ஒரு குளிர்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஆகவே நிதானமாக எழுதுகிறேன். நீயும் நிதானமாகப் படி.

நான் இங்கே வந்த முதல் ஆண்டில், கோடை முழுவதும் ஒரு சைக்கிள் சங்கத்தாரோடு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். அக்டோபர் கடைசியில் அவர்கள் சாலைப் பயணங்களை நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பின் வரும் குளிர்காலம் எப்படிப்பட்டது என்றால், நம் ஊர் மார்கழிப் பனியையும் ஆடிக் காற்றையும் ஐப்பசித் தூறலையும் ஒன்றாகச் சேர்த்து, வெயிலை மட்டும் எடுத்துவிட்டுப் பார். டிசம்பர் கடைசியில் காலை 8.45 மணி அளவில்தான் சூரியன் உதிக்கிறது. மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போவதும் இருட்டில், திரும்புவதும் இருட்டில். சைக்கிளை வீட்டின் நிலவறையில் பூட்டியவள், பிப்ரவரி முடியும்வரை வெளியே எடுக்கவில்லை.

அதற்கான விலையை ஏப்ரலில் கொடுத்தேன். ஃபிளாண்டர்ஸ் சுற்று என்பது 1913ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பந்தயம். அதற்கு முந்தைய நாள், அதே மேடுகளில் பொதுமக்கள் ஓட்டுவதற்கென்று ஒரு பயணம் நடத்துகிறார்கள். அந்த மேடுகளில் ஒன்றின் பெயர் கோப்பென்பெர்க். அதன் நீளம் 600 மீட்டர்தான். ஆனால் கருங்கல் பதித்த குறுகலான பாதை, செங்குத்தான இடத்தில் 22 சதவீத ஏற்றம், அதன் மேல் முதல் நாள் மழையின் ஈரம். பாதியில் கால் ஊன்றிவிட்டேன். கியர் இல்லாத அரசு சைக்கிளில், பையைச் சுமந்துகொண்டு, நாள்தோறும் பள்ளிக்குப் போய்வந்தவள் நான். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்தபோது அழுகை வந்துவிட்டது. கால் வலிக்கவில்லை, தம்பி. மூச்சுதான் போதவில்லை. இரண்டு மூன்று வாரம் அடியோடு விட்டாலே உடல் தான் சேர்த்து வைத்ததை இழக்கத் தொடங்கிவிடும். நான் விட்டதோ நான்கு மாதம்.

எனக்கு மன உறுதி போதாது என்றுதான் அப்போது எண்ணினேன். சங்கத்தில் அப்பாவின் வயதுடைய ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. அடுத்த குளிர்காலத்தில் எந்த எந்தத் தேதிக்குப் பெயர் கொடுக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். என்னிடம் ஒரு தேதிகூட இல்லை. அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வரும் ஞாயிறு இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நிற்கிறேன் என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டால், அலாரம் அடிக்கும்போது எழலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லாமல் போகிறது.

இந்த நாட்டில் அப்படிப்பட்ட தேதிகளுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் சைக்ளோகிராஸ். சாலைப் பந்தயங்கள் ஓயும் இலையுதிர் காலத்தில் தொடங்கி, பிப்ரவரி வரை நடக்கும் சேற்றுப் பந்தயம் இது. குளிர்காலத்தில் உடல் தளர்ந்துவிடாமல் இருப்பதற்காகப் பிரான்சு வீரர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தொடங்கினார்கள். 1910இல் பிரான்சைச் சுற்றிவரும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ஒக்டாவ் லாபிஸ், அந்த வெற்றிக்கு இந்தக் குளிர்காலப் பழக்கமே காரணம் என்று கூறியதாகச் சொல்வார்கள். நான் அழுதுகொண்டே தள்ளிய அதே கோப்பென்பெர்க்கிலும் நவம்பர் 1ஆம் தேதி ஒரு சைக்ளோகிராஸ் நடக்கிறது.

என் முதல் பந்தயத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு புல்வெளியில் நாடா கட்டிச் சுற்றுப்பாதை அமைத்திருந்தார்கள். முன்னால் ஓட்டிய பிரிவினரின் சக்கரங்கள் உழுது உழுது, எங்கள் முறை வந்தபோது அது நடவுக்குத் தயாரான வயலைப் போல ஆகியிருந்தது. குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பலகைகள் நிற்கும். வேகம் குறையாமல் வலது காலை வீசி இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடியும் தாவி உட்கார வேண்டும். மேடு வந்தால் மேல்பாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். மூன்றாவது சுற்றில் சேறும் புல்லும் அப்பிக்கொண்டு பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு, பிரேக்கின் இடுக்கிலும் செயினின் மேலும் இருந்த சேற்றை விரலாலேயே தோண்டி எடுத்தேன். நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு மூதாட்டி, என் சட்டையில் இருந்த எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். விரல்கள் மரத்திருந்ததால், கல் கீறி இரத்தம் வந்தது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் தெரிந்தது. கடைசிக்கு முந்தைய ஆளாக முடித்தேன். ஆனாலும் அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

எல்லா ஞாயிறும் பந்தயம் ஓட்ட உடம்பு தாங்காது. அதற்கென்றே காடு, வயல் வழியாகப் போகும் கூட்டுப் பயணங்கள் குளிர்காலம் முழுக்க ஏதாவது ஓர் ஊரில் நடக்கின்றன. பள்ளி உணவுக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சில யூரோ கட்டிவிட்டு, குறுகிய வழியோ நீண்ட வழியோ நாமே தேர்ந்துகொள்ளலாம். மரங்களில் அம்புக்குறி மாட்டியிருக்கும். பாதி வழியில் சூடான தேநீரும் இனிப்பும் கிடைக்கும். முடிவில் சைக்கிள் கழுவத் தண்ணீர்க் குழாய் வைத்திருப்பார்கள். யார் முதலில் வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

ஓட்ட முடியாத வாரத்தில் பார்க்கப் போகிறேன். கென்டில் நவம்பர்தோறும், இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து உள்ளரங்கில் ஓட்டும் ஆறு நாள் பந்தயம் நடக்கும். அந்த மரத்தாலான ஓடுபாதையின் ஒரு சுற்று 167 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. வளைவுகள் சுவரைப் போல நிற்கின்றன. டூர் டி பிரான்சை ஐந்து முறை வென்ற எடி மெர்க்ஸ், குளிர்காலத்தில் இதே பாதையில் இன்னொரு பெல்ஜிய வீரரான பாட்ரிக் செர்க்கூவுடன் சேர்ந்து ஓட்டி வென்றிருக்கிறார். அவ்வளவு பெரிய வீரரே குளிர்காலத்தில் சும்மா இருந்ததில்லை என்பது, கூட்டத்தோடு நின்று பார்த்தபோதுதான் எனக்கு மனதில் பதிந்தது. வீட்டுக்குள் ட்ரெயினர் என்னும் தாங்கியில் சைக்கிளை மாட்டி, ஸ்விஃப்ட் என்னும் செயலியில் திரையைப் பார்த்து ஓட்டும் பந்தயங்களும் உண்டு. வாரநாள் இரவுகளில் அது உதவுகிறது. அதற்கு மேல் எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை.

இனி உன் விஷயம். உனக்கு 18 நிறைந்ததும் பெங்களூருப் பக்கம் நடக்கும் பிரவே என்னும் நெடுந்தூரப் பயணங்களில் நீ சேரலாம். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் உள்ள சோதனை இடங்களில் அட்டையில் குறித்து வாங்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. அதற்கு மேல் 300, 400, 600 என்று போகலாம். நான்காண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் 1200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிசுக்கு ஓட்டுபவர்களும் இந்த வரிசையைத்தான் முடித்துவிட்டு வருகிறார்கள். நீ இப்போது 200ஐ மட்டும் நினைத்தால் போதும். நம் பக்கம் மழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்குள் கிடைக்கும் தை, மாசி மாதங்கள் அதற்கு ஏற்ற காலம். பட்டியலைப் பார்த்து ஒரு தேதிக்குப் பணம் கட்டிவிடு, நான் அனுப்புகிறேன்.

அதற்கு முன் ஊரிலேயே இரண்டு தேதிகளை நீயாக உண்டாக்கு. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். போய்வந்தால் கிட்டத்தட்ட ஒரு நூறு ஆகிவிடும். பென்னாகரம் தாண்டி இறங்குவது சுகமாக இருக்கும், திரும்பி ஏறும்போதுதான் உன் மூச்சு உனக்குத் தெரியும். உன்னோடு போட்டியில் ஓட்டிய பையன்களுக்கும் வயது கடந்திருக்கும் அல்லவா? அவர்களும் உன்னைப் போலவே வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நான்கு பேரைக் கூப்பிடு. இன்னொன்று, மாதத்தில் முதல் ஞாயிறு வத்தல்மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறி, ஆன நேரத்தை நோட்டில் எழுதி வை. ஈரத்தில் இறங்கும்போது பிரேக்கை நம்பி வேகம் எடுக்காதே. தொப்பூர் கணவாய்ப் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. அந்த லாரிகளுக்கு நடுவே நீ இருப்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

செப்டம்பர் வரை ஓட்டிய களைப்புக்கு இரண்டு வாரம் ஓய்வு எடுத்தது சரிதான். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்த இரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது.

பொங்கலுக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. போகிக்கு முதல் நாள் வந்து சேர்வேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை ஐந்தரைக்கு நாம் இருவரும் ஒகேனக்கல் போகிறோம். அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. கொட்டகையில் நிற்கும் என் பழைய அரசு சைக்கிளுக்கு இரண்டு டயரையும் மாற்றி, பின்பிரேக் கட்டையையும் பார்த்துவிடு.

அன்புடன்,
அக்கா