ஜெனீவாவில் வாக்களிக்கும் 47 நாடுகளுக்கு, கோத்தகிரியிலிருந்து

ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் உறுப்பு நாடுகளுக்கு வணக்கம்.

நான் கோத்தகிரி பக்கம் குடியிருக்கிறேன். பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். 1975இல் அப்பா, அம்மா, தம்பியோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஊருக்குள் சிலோன்காரர். இலங்கையில் இருந்தவரை கள்ளத்தோணி.

உங்கள் கூட்டத்தொடரில் இலங்கைத் தீர்மானம் வரும்போதெல்லாம் செய்தித்தாளில் வரும் வாக்கு எண்ணிக்கையை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைப்பது என் பழக்கம். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் துண்டு 2009 மே 27. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சிறப்பு அமர்வு கூட்டினீர்கள். செத்தவர்களைப் பற்றி விசாரிக்கச் சொல்வீர்கள் என்று ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நிறைவேறியது இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்தியாவும் பாகிஸ்தானும் அன்றைக்கு ஒரே பக்கம். மூன்று வருஷம் கழித்து 2012 மார்ச்சில் இலங்கை பதில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 24க்கு 15 என்று ஜெயித்தது, இந்தியாவும் ஆதரித்தது. 2014இல் இந்தியா நடுநிலை. 2021இலும் 2022இலும் அப்படியே. செத்தவர்கள் அதே ஆட்கள், செத்த இடமும் அதேதான். மாறியதெல்லாம் அந்தந்த நேரத்தில் யாருக்கு யார் வேண்டியவர் என்பதுதான்.

இன்னொரு துண்டு 2022 அக்டோபர் 6. அதே நாளில் இரண்டு வாக்கெடுப்பு. இலங்கைத் தீர்மானம் 20க்கு 7 என்று நிறைவேறியது, 20 நாடுகள் நடுநிலை. சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களுக்கு நடப்பதைப் பற்றி உங்கள் சொந்த மனித உரிமை அலுவலகமே அறிக்கை கொடுத்திருந்தது. அதைக் கண்டிக்கக்கூட அல்ல, உட்கார்ந்து விவாதிக்கலாமா என்றுதான் கேட்டார்கள். 17 நாடுகள் சரி என்றன, 19 வேண்டாம் என்றன, இந்தியா உட்பட 11 நடுநிலை. பேச்சே எடுக்கவில்லை. இலங்கை சின்ன நாடு, கடன்பட்ட நாடு, அதனால் கேள்வி கேட்க முடிந்தது. கடன் கொடுக்கிற நாட்டை யார் கேட்பது?

மேற்கு நாடுகளும் யோக்கியம் இல்லை. உக்ரைனுக்குள் புகுந்து செய்த அட்டூழியங்களுக்காக 2022 ஏப்ரலில் ரஷ்யாவை உங்கள் பேரவையிலிருந்து ஐ.நா. பொதுச்சபை இடைநீக்கம் செய்தது. செய்ய வேண்டியதுதான். ஆனால் 2003இல் ஈராக்குக்குள் புகுந்தவர்கள் எந்த நாற்காலியை இழந்தார்கள்? இஸ்ரேலைப் பற்றி அதிகம் பேசுகிறீர்கள் என்று 2018இல் அமெரிக்கா கோபித்துக்கொண்டு வெளியேறியது. காஸாவில் குழந்தைகள் சாகும்போது, இலங்கை விஷயத்தில் எங்களுக்காகக் குரல் உயர்த்திய சில நாடுகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதைப் பார்த்தோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. பேரவையை உருவாக்கிய 2006 மார்ச் 15ஆம் தேதித் தீர்மானத்திலேயே இரட்டை அளவுகோலும் அரசியலாக்குவதும் ஒழிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்கு முன்பு இருந்த ஆணையம் பெயர் கெட்டுப்போனது அதனால்தானே. 2003இல் கடாபியின் லிபியாவே அதற்குத் தலைமை தாங்கியது.

என் மனசை அரிப்பது வேறொன்று. ‘இரட்டை அளவுகோல்’ என்ற சொல்லை இப்போது அதிகமாக உச்சரிப்பது அடிபட்டவர்கள் அல்ல, அடித்தவர்கள். கொழும்பு சொல்கிறது, பெய்ஜிங் சொல்கிறது, மாஸ்கோ சொல்கிறது, வாஷிங்டன் சொல்கிறது, டெல்லியும் சொல்கிறது. ‘அவனைக் கேட்டாயா, என்னை மட்டும் ஏன் கேட்கிறாய்?’

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வந்தபிறகு அவருக்கு ஒரு தனியார் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது. மாலையில் ஷெட் வாசலில் கொக்கித் தராசு தொங்கும். பெண்கள் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அம்மா பக்கத்தில் நிற்பேன். முள் இருபத்தொன்றில் நின்றால் கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று எழுதுவார். மூன்று கிலோ ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவாம். மழை பெய்யாத நாளிலும் அதே மூன்று கிலோ. வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு வேண்டிய ஒரு பெண்ணின் சாக்குக்கு மட்டும் ஒரு கிலோதான் கழிப்பார். அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார், ‘எனக்கு மூணு, அவளுக்கு ஒண்ணா? இது என்ன நியாயம்?’

கணக்கப்பிள்ளை பதில் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணின் சாக்குக்கும் மூன்று கிலோ கழித்தார். அம்மாவைப் பார்த்து, ‘இப்ப சரியா?’ என்றார்.

ஜெனீவாவில் அரசுகள் கேட்கும் சமத்துவம் இந்தக் கணக்கப்பிள்ளை கொடுத்த சமத்துவம்தான். எல்லா நாட்டையும் ஒரே மாதிரி கேளுங்கள் என்று அவை கேட்கவில்லை. எந்த நாட்டையும் கேட்காதீர்கள் என்கின்றன. காஸாவைப் பேசாதவர்கள் முள்ளிவாய்க்காலைப் பேசக் கூடாது என்றால், முள்ளிவாய்க்காலைப் பேசாதவர்கள் காஸாவையும் பேசக் கூடாது. கடைசியில் இரண்டு இடத்திலும் செத்தவர்களுக்குக் கேட்பார் இல்லை. ஓரவஞ்சனை செய்கிற ஒருவன் சொன்னான் என்பதால் சாட்சி பொய்யாகிவிடாது. அமெரிக்கா தன் கணக்குக்காகத்தான் 2012 தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கும். இருக்கட்டும். காணாமல் போன பிள்ளையைத் தேடும் வவுனியாத் தாய்க்கு அதனால் பிள்ளை இல்லாமல் போய்விடுமா?

யாருமே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கதையே போதும். தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதே வருஷம் டிசம்பர் 10இல், ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று 15ஆம் பிரிவில் எழுதி உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. ஏற்றது. நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. அப்புறம் 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அத்தை குடும்பம் இலங்கைக் கணக்கில் விழுந்தது. தலைமன்னாருக்கு வந்த ரயிலை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்பார்கள். அத்தை ஹட்டன் ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை விடாமல் வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்திய அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குக் கதவைத் திறந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் எங்களைப் போலவே மலையகத்தில், அதாவது இலங்கைத் தேயிலை மலைகளில், வேர் உள்ள குடும்பங்கள் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கின்றன. 2020இல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் இந்தச் சட்டம் பற்றி உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, உள்நாட்டு விவகாரம் என்று டெல்லி சொல்லிவிட்டது. 2009இல் கொழும்பு சொன்னதும் இதே வார்த்தைதான்.

எங்களையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. எங்கள் ஆட்களுக்கு வேலை தருவதற்காக அரசு இந்த மலையில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் காட்டை வெட்டி நட்டவை. அது இந்த மலையின் பழங்குடிகளான இருளருக்கும் குறும்பருக்கும் பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் என்னவாக இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. பசியோடு வந்தோம், கொடுத்த இடத்தில் குழி தோண்டினோம். உங்கள் பேரவை பிறந்த அதே 2006இல்தான் இந்தியாவில் பழங்குடிகளுக்குக் காட்டு நிலத்தில் உரிமை தரும் வன உரிமைச் சட்டமும் வந்தது. எங்கள் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு ஊர்வலம் போன நாங்கள், பக்கத்துப் பழங்குடிப் பதியில் பட்டாவுக்குக் காத்திருந்தவர்களோடு எத்தனை முறை போய் நின்றோம்? இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதை மறைத்துவிட்டு உங்களை நியாயம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பேரவையில் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. 2021 கடைசியில் தற்கால அடிமைமுறை பற்றிய உங்கள் சிறப்பு அறிக்கையாளர் இலங்கைக்குப் போனார். மலையகத் தமிழர்கள் தோட்டத்தில் படும் பாட்டை அடுத்த வருஷம் எழுதிக் கொடுத்தார். அவர் எந்த நாட்டுக்காகவும் வாக்குப் போடுகிறவர் அல்ல, அதனால் கண்ணில் பட்டதை எழுத முடிந்தது. அப்படிப்பட்டவர்களை எல்லா நாட்டுக்குள்ளும் விடுங்கள், இந்தியா உட்பட. உங்களுக்கு வேண்டிய நாட்டின் பெயர் வரும்போது நடுநிலை என்று பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகாதீர்கள். என்ன காரணம் என்று அந்த நாட்டில் அடிபட்டவர்களுக்குக் கேட்கும்படி எழுந்து சொல்லுங்கள்.

அத்தை மகள் இன்னும் பழைய லயத்தில்தான் இருக்கிறாள். போன கூட்டத்தொடர் முடிந்த அன்று வாட்ஸப்பில் கூப்பிட்டு, ‘அங்க எங்களப் பத்தி ஏதாவது பேசினாங்களா அண்ணே?’ என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய ஒருவன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.