கழுவி அழித்த கையெழுத்து: 1935-ஆம் ஆண்டு வாத்து வில்லை பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு

பொருள்: அமெரிக்க வாத்து வில்லை ஒன்றைத் தவறான விவரத்துடன் விற்றது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

சென்ற மார்ச் மாதம் உங்களிடம் 1935-ஆம் ஆண்டு வாத்து வில்லை ஒன்றை 640 டாலருக்கு வாங்கினேன். நீர்ப்பறவை வேட்டைக்கு உரிமமாக அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும், தபால்தலை போன்ற வில்லை அது; வேட்டைக்காரர் அதன் மேல் மையால் கையெழுத்திடுவார். பிராங்க் பென்சன் என்ற ஓவியர் வரைந்த கேன்வாஸ்பேக் வாத்துகள் இதில் உள்ளன. “கையெழுத்து இடப்படாதது, பசை பழுதின்றி உள்ளது” என்று பட்டியலில் போட்டிருந்தீர்கள். இரண்டுமே உண்மையில்லை.

பிரித்துப் பார்த்த அன்றே சந்தேகம் தட்டியது. பின்பக்கத்தில் அந்த வயதுத் தாளுக்குப் பொருந்தாத பளபளப்பு. விளிம்புப் பற்களைத் தடவினால் விரலில் குத்தியது. பசை பூசிய பிறகு துளையிட்ட தாளில் பற்களின் நுனி மெத்தென்று இருக்கும். துளையிட்ட தாளில் பிற்பாடு பசை பூசினால் அது இழைகளுக்குள் இறங்கி விறைத்துவிடும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். வாத்துகளின் மேல் குறுக்காக ஒரு கையெழுத்தின் நிழல் தெரிந்தது. யாரோ அதை மருந்தில் கழுவிப் புதுப் பசை தடவியிருக்கிறார்கள். நீங்களே கழுவினீர்கள் என்று நான் சொல்லவில்லை. கழுவியதைக் கண்டுபிடிக்காமல் விற்றீர்கள் என்கிறேன். நிபுணர் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன்.

கையெழுத்தோடு இருந்திருந்தால், அதற்குரிய குறைந்த விலையில் மகிழ்ச்சியாகவே வாங்கியிருப்பேன். என் ஆல்பத்தில் பாதி அப்படிப்பட்டவைதான். 1935-இல் விற்றவை மொத்தம் 4,48,204. வாத்து வில்லை வரிசையிலேயே இதுதான் குறைவு. அதில் ஒன்றை வாங்கி மையால் பெயரெழுதி, விடியலில் சதுப்பு நிலத்துக்குப் போன ஒருவரின் பெயர்தான் கழுவி அழிக்கப்பட்டது. இனி யாராலும் அதைப் படிக்க முடியாது.

திருப்பித் தருவதற்கான 30 நாள் கெடு முடிந்துவிட்டது என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் நாளே நான் மின்னஞ்சல் அனுப்பினேன். “சான்றிதழோடு வாருங்கள்” என்றவர் உங்கள் ஊழியர். சான்றிதழ் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. அந்த மின்னஞ்சல்களும் இணைப்பில் உள்ளன.

இன்னொன்று. அதே உறையில் 1980-களின் வில்லைகளை “பத்திரமான முதலீடு” என்று புகழும் துண்டுப் பிரசுரம் ஒன்றும் இருந்தது. ஆண்டுக்குப் பல லட்சம் விற்ற வில்லைகள் அவை. பருவம் முடிந்தால் வேட்டை உரிமமாகச் செல்லுபடியாகாது. கடிதத்தில் ஒட்டவும் முடியாது. (இவற்றைத் தபால்தலை என்று நீங்கள் அச்சடித்திருப்பதே பிழை.) பலவற்றை முகவிலைக்குக் கேட்கக்கூட ஆளில்லை. ஆண்டுதோறும் 25 டாலர் கொடுத்துப் புது வில்லை வாங்குகிறேன் என்றால், டாலருக்கு 98 சென்ட் நீர்ப்பறவைகளின் வாழிடத்துக்குப் போகிறது என்பதற்காக. அந்தப் பணம் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஓய்வூதியக்காரர் எவராவது உங்கள் பிரசுரத்தை நம்பிச் சேமிப்பை இதில் போட்டுவிடப் போகிறார்.

640 டாலரும், நிபுணர் கட்டணமும், அஞ்சல் செலவும் 14 நாளுக்குள் என் கணக்கில் வர வேண்டும். தவறினால் கடன் அட்டை வங்கியிடம் முறையிடுவேன். பணம் வந்த பிறகே வில்லையைத் திருப்பி அனுப்புவேன். இருபுறமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். “கையெழுத்து இடப்படாதது” என்று அது மறுபடியும் உங்கள் பட்டியலில் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பதினோரு ஆண்டுகளாக உங்கள் வாடிக்கையாளர்