வன்னியின் விவசாயப் போதனாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

காலபோக விதைப்பு முடிந்து மருந்தடிக்கும் காலம் வந்தால் பூச்சிமருந்துக் கம்பனிகளின் வயல் விழாக்களும் வந்துவிடும். கூடாரம், பதாகை, தொப்பி, மத்தியானம் சோற்றுப் பார்சல். அதில் எனக்குக் குறையில்லை. விற்கிறவன் விளம்பரம் செய்யத்தான் செய்வான். என் கவலையெல்லாம் அந்தப் பதாகையின் கீழ் ஒலிவாங்கியோடு நிற்கும் அரச உத்தியோகத்தர்களான உங்களைப் பற்றியது.

நீங்கள் பேசுவது பெரும்பாலும் சரியான விஷயம்தான். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திப் பூச்சியைக் கண்டவுடன் மருந்தடிக்காதீர்கள், அடித்தால் அதைத் தின்னும் சிலந்தியும் செத்துப்போகும், பிறகு தத்தி இன்னும் பெருகும் என்கிறீர்கள். ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்தில் மருந்துப் போத்தலின் படம். கூட்டம் கலைந்தபின் ஆருக்கும் சிலந்தி ஞாபகமில்லை. கடையில் போய், "அண்டைக்கு ஐயா சொன்ன மருந்தைத் தாங்கோ" என்று கேட்கிறார்கள். ஐயாவோ எந்த மருந்தின் பெயரையும் சொல்லவில்லை! கடன் கொப்பியில் ஏறுவது அந்தப் போத்தல்தான். அறுவடைக்கு அதைக் கட்டுவது கமக்காரன்.

நீங்கள் காசு வாங்கினீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்காவிட்டாலும் அடுத்தநாள் கம்பனியின் முகநூலில் உங்கள் படம் வருகிறது, பெயரோடு பதவியும்.

தாய்சேய் நலம் பார்க்கும் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் பால்மாக் கம்பனியின் மேடையில் ஏறுவார்களா? தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருட்களுக்கு இலங்கையில் 1983 இலேயே ஒழுக்கக்கோவை வந்துவிட்டது. அமெரிக்காவில் கூட்டரசு ஊழியர் தன் பதவியைக் காட்டி ஒரு பொருளுக்கோ கம்பனிக்கோ நற்சான்று கொடுக்கக் கூடாது என்று விதியே உண்டு. மருந்துப் போத்தலுக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

போகவே வேண்டாம் என்று கேட்கவில்லை. புதிதாக என்ன மருந்து வருகிறதென்று நீங்களும் அறியத்தானே வேண்டும். அழைப்பிதழில் உங்கள் பதவியைப் போட விடாதீர்கள். "நான் இந்தக் கம்பனிக்காகப் பேச வரவில்லை, இதே இரசாயனம் வேறு பெயரிலும் கடையில் இருக்கும், போத்தலைத் திருப்பி வாசித்துப் பாருங்கோ" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லுங்கள். சொல்லவிடாத மேடையென்றால் இறங்கிவிடுங்கள்.

அதே பேச்சைக் கமநல சேவை நிலையத்தில் வையுங்கள். சோற்றுப் பார்சல் இல்லாவிட்டால் சனம் குறையும், உண்மைதான். வருகிறவர்கள் கேள்வி கேட்கவாவது வருவார்கள். அடுத்த விதைப்புக்கு முந்திய கூட்டத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு கமக்காரன்