நீ அனுப்பிய நாலு தவளைப் படம்

கூச்சிங்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். வாட்ஸாப்பில் நாலு படமும் வந்து சேர்ந்தது. நாலுக்கும் சேர்த்து "இதெல்லாம் என்ன தவளைப்பா?" என்று ஒரே கேள்வி. போனில் தட்டிப் பார்த்தேன், விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

சபா மாநிலத்தின் உள்காட்டுப் பள்ளிக்குப் போடுகிறார்கள் என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு விமானம் ஏறியவன் நீ. இப்போது ராத்திரியில் ஓடைக்கரையில் போய்க் குந்துகிறாய். நான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு வண்டி ஓட்டிவிட்டுச் சேறும் சகதியுமாக வீடு வந்தால், "அப்பா மேல தவளை நாத்தம்" என்று அம்மா பின்னால் ஒளிந்துகொள்வாயே, ஞாபகம் இருக்கிறதா?

சரி, படத்துக்கு வருகிறேன்.

முதல் படம் சுலபம். உங்கள் குடியிருப்பு வாசல் விளக்கடியில் பூச்சி தின்ன வந்து உட்கார்ந்திருப்பது சாதாரணத் தேரை. மலாய்க்காரர்கள் காத்தாக் பூரு என்பார்கள். கண்ணைச் சுற்றி எலும்பு விளிம்பு, அதன்மேல் மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு இருக்கிறது பார். அது ஆட்கள் இருக்கிற இடத்தை அண்டிப் பிழைப்பது. ஓடைப் பாறைமேல் அதைவிடப் பெரிதாக, உன் உள்ளங்கையில் அடங்காத ஒன்று உட்கார்ந்திருந்தால் அது ஆற்றுத் தேரை. அதற்கு அந்தக் கறுப்பு விளிம்பு கிடையாது. பெண் 20 செ.மீ. வரை வளரும். கண்ணுக்குப் பின்னால் வீங்கியிருப்பது விஷச்சுரப்பி. தொட்ட கையால் கண்ணைக் கசக்காதே.

இரண்டாவது படத்துக்குப் பெயர் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பழுப்பு நிறம், நீண்ட கால், ஓடைக்கரை. மேலேயிருந்து ஃபிளாஷ் அடித்து எடுத்திருக்கிறாய். பக்கவாட்டுத் தோல் மடிப்பும் தெரியவில்லை, விரல் நுனியும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பேனாவாவது வைத்திருந்தால் அளவாவது தெரிந்திருக்கும். இது மெரிஸ்டோஜெனிஸ் என்கிற ஓடைத் தவளைக் கூட்டமாக இருக்கலாம். அப்படியானால் பெரிய படிப்புப் படித்தவர்களே தடுமாறுவார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மா அப்பாவெல்லாம் ஒரே அச்சு, பிள்ளைகளை வைத்துத்தான் இனம் பிரிக்க முடிகிறது. தலைப்பிரட்டைக்கு வயிற்றில் ஒட்டிக்கொள்கிற உறிஞ்சி உறுப்பு இருக்கும். பாய்கிற தண்ணீரிலும் பாறையைக் கவ்விக்கொண்டு பாசி மேயும். பகலில் அதே இடத்துக்குப் போய், வேகமாகத் தண்ணீர் ஓடுகிற பாறையைப் பார்.

நிறத்தை மட்டும் நம்பாதே. இதை நான் சொல்லி நீ கேட்கப் போவதில்லை, பட்டுத்தான் தெரிந்துகொள்வாய். குளத்தோரம் நுரைக்கூடு கட்டுகிற நாலுகோட்டு மரத்தவளை இருக்கிறதே, அதில் ஒன்றுக்கு முதுகில் நாலு கோடு, இன்னொன்றுக்குப் புள்ளி, வேறொன்றுக்கு ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே இனம். ஆரம்பத்தில் நான் மூன்று பெயர் வைத்திருந்தேன்.

வண்டியில் வந்த ஐயாமார்கள் தவளையைப் பிடித்ததும் பெயரை எழுத மாட்டார்கள். தண்ணீருக்கு எத்தனை அடி தூரம், இலைமேலா பாறைமேலா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், இதைத்தான் முதலில் எழுதுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கொசு பிடுங்குகிறது, மழை தூறுகிறது, இவர்கள் அடி அளந்துகொண்டிருக்கிறார்கள்! 150க்கு மேல் இனம் இருக்கிற நம் போர்னியோத் தீவில் இடத்தைச் சொன்னாலே முக்கால்வாசிப் பெயர்கள் கழிந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அடுத்தது சத்தம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதன் வாய்ச் சத்தத்தை யாரும் கவனிக்காததால் நூறு வருஷம் யார் கண்ணிலும் சரியாகப் படாத தவளையும் உண்டு. சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா புரூக் காலத்தில் நம் ஆட்கள் தோட்ட வேலைக்கு வந்து மாரியம்மன் கோயில் கட்டினார்களே, மாத்தாங் மலை, அந்தப் பக்கத்துக் குபா வனப்பூங்காவில்தான் கதை. ஒரு செ.மீ. சொச்சம், சட்டைப் பொத்தான் அளவு. குடம் மாதிரி இலையில் தண்ணீர் தேங்குகிற குடுவைச் செடிக்குள் முட்டையிட்டு, அதற்குள்ளேயே தலைப்பிரட்டை வளர்கிறது. அருங்காட்சியகத்து ஜாடிகளில் இது வேறு ஏதோ இனத்தின் குட்டி என்று கிடந்தது. ஆனால் குட்டி துணையைக் கூப்பிடுமா என்ன? குபாவில் கத்துவதைக் கேட்டுத் தேடிப் பிடித்து, ஆராய்ச்சியாளர்கள் இந்திரனீல் தாஸும் அலெக்ஸாண்டர் ஹாஸும் 2010இல் இது வளர்ந்த தவளைதான் என்று எழுதினார்கள்.

அதனால் போனை வெறும் படத்துக்கு மட்டும் எடுக்காதே. ஒரு நிமிஷம் சத்தத்தைப் பதிந்துகொள். மரப்பொந்துத் தவளை கிடைத்தால் விடாதே. பொந்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ, அதற்கேற்ப ஸ்ருதியை ஏற்றி இறக்கிப் பார்த்து, பொந்து எங்கே முழங்குகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளும். அருவிப் பக்கம் மட்டும் காது உதவாது. அங்கே தண்ணீர் இரைச்சலில் கத்தி என்ன பயன் என்று பாறைத் தவளை பின்னங்காலை நீட்டி, வெளுத்த விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டும். பகலிலேயே பார்க்கலாம்.

மூன்றாவது படம். "வாலஸ் பறக்கும் தவளை" என்று மூன்று ஆச்சரியக்குறி. தம்பி, பச்சையாக இருப்பதெல்லாம் வாலஸ் தவளை இல்லை. 1855இல் சரவாக்கில் ஒரு சீனத் தொழிலாளி மரத்திலிருந்து சரிந்து இறங்கியதாகச் சொல்லி, வாலஸ் என்கிற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளரிடம் கொண்டுவந்து கொடுத்த தவளை அது. அதன் அடையாளம் முதுகில் இல்லை, விரலிடையில். சவ்வு பெரிது, அதில் கறுப்பு படிந்திருக்கும். சிவப்புச் சவ்வு என்றால் அது வேறு இனம். நீ எடுத்த படத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது, ஒரு விரல்கூடத் தெரியவில்லை. இன்னொரு நாள் பொறுமையாக உட்கார். அது காலை எடுத்து வைக்கும்போது எடு.

தலை லைட்டைக் கண்ணுக்கு நேராகக் கட்டு, அப்போதுதான் தவளைக் கண் மின்னுவது தெரியும். சிலந்திக் கண்ணும் மின்னும், ஏமாறாதே. பிடிக்க அனுமதி வேண்டும். அதனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள். கையில் கொசு மருந்தோடு எதையும் தொடாதே. ஒரு தடவை நான் மருந்து பூசிய கையோடு ஒரு குஞ்சுத் தவளையை இலையிலிருந்து எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் துவண்டுவிட்டது. அதன் தோலே மூக்கு, தோலே வாய் மாதிரி, பட்டதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு என்னோடு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு நடந்தார். அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

நாலாவது படத்தில் உன் ரப்பர் பூட்ஸ்தான் இருக்கிறது, தெரியாமல் அமுக்கியிருப்பாய். அழித்துவிடாதே. இடது பூட்ஸுக்குப் பக்கத்தில் காய்ந்த இலைகள் கிடக்கின்றன இல்லையா? மூன்றாவது இலையைப் பெரிதாக்கிப் பார். அதற்குக் கண்மேல் இரண்டு கொம்பு இருக்கிறது.

அன்புடன்,
அப்பா