டூரிங் வண்டியின் கியர்பாக்ஸ் ஆயில் குறைவதும், டாப்-அப் செய்து திருப்பி அனுப்புவதும்: புகார்

அனுப்புநர்:
வண்டி உரிமையாளர், மதுரை
(பதிவு எண், சேஸிஸ் எண், பில் நகல்கள் இணைப்பில்)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
இந்தியத் தலைமை அலுவலகம்

பொருள்: கியர்பாக்ஸ் ஆயில் பிரைமரிக்குள் (கிளட்ச் இருக்கும் அறைக்குள்) போவது, பழுதைச் சரிசெய்யாமல் டாப்-அப் மட்டும் செய்தது, வண்டியில் இல்லாத பாகத்துக்குக் கூலி வாங்கியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இன்ஜினுக்கு ஒன்று, பிரைமரிக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஆயில் ஊற்றும் உங்கள் பெரிய வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) டூரிங் மோட்டார் சைக்கிள் என்னிடம் இருக்கிறது. மூன்று அறைகளும் தனித்தனி என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குத்தான் யாராவது சொல்லித் தர வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

குறை இதுதான். நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் சில மணி நேரம் ஓடிவிட்டு மறுநாள் பார்த்தால் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. டிரெயின் போல்ட், பின்பக்க ஸ்ப்ராக்கெட், வலதுபுறக் கிளட்ச் ரிலீஸ் கவர் எல்லாம் உலர்ந்து கிடக்கின்றன. அதே நேரத்தில் வண்டி சூடானதும் நியூட்ரல் விழுவதில்லை. சிக்னலில் கிளட்ச் லீவரை முழுதாகப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. முதல் கியர் போட்டால் 'டங்' என்று இடிக்கிறது. ஒரு பக்கம் ஆயில் குறைகிறது, இன்னொரு பக்கம் கிளட்ச் இழுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மெக்கானிக்கும் முதலில் பிரைமரியைத்தான் திறந்து பார்ப்பார்.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் என்ன கேட்டார் தெரியுமா? "தரையில சொட்டுதா சார்? சொட்டலைல்ல, அப்புறம் என்ன?"

அந்தக் கேள்விக்கான பதிலை இந்தக் கடிதத்தில் எழுத்து மூலம் தருகிறேன். கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் (முக்கியச் சுழல்தண்டு) உள்ளே குழலாக இருக்கிறது. அந்தக் குழல் வழியாகத்தான் கிளட்ச் புஷ்ராடு (கிளட்சை விலக்கத் தள்ளும் கம்பி) வலதுபுறத்திலிருந்து இடதுபுறத்துக்குப் போகிறது. ஆயில் கடந்து போகாமல் தடுக்க வேண்டியது ராடைச் சுற்றியுள்ள சிறிய சீல். நீண்ட ஓட்டத்தில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. வென்ட் (காற்றுப் போக்கும் துளை) வழியாக அது சரியாக வெளியேறாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் ஆயிலை ராடு ஓரமாகத் தள்ளித் தள்ளிக் கிளட்ச் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மெயின் ஷாஃப்ட் பெரிய சீல் தேய்ந்திருந்தாலும் முடிவு இதேதான். பிரைமரியில் அளவு கூடினால் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் அதிகமாக முழுகி, லீவரைப் பிடித்தாலும் ஒன்றை ஒன்று விடாமல் இழுத்துக்கொண்டே சுற்றுகின்றன. ஒரு சொம்பு மோர் பக்கத்துச் சொம்புக்குப் போய்விட்டது. தரை நனையவில்லை, ஆகவே மோர் குறையவில்லை என்கிறார் உங்கள் அட்வைசர்.

இது ஊகம் இல்லை. இரண்டு அறைகளிலும் பழைய ஆயிலை வடித்துவிட்டு, கையேட்டில் உள்ள அளவை அளவுக் குடுவையில் அளந்து ஊற்றப்பட்டது. கியர்பாக்ஸுக்கு 950 மி.லி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய்த் திரும்பிய பிறகு, ஆயில் சூடாக இருக்கும்போதே இரண்டும் தனித்தனிப் பாத்திரத்தில் வடிக்கப்பட்டன. கியர்பாக்ஸில் வந்தது 790 மி.லி. கியர்களில் ஒட்டி நிற்கும் ஆயிலுக்கு 20, 30 மி.லி. விட்டுக்கொடுத்தாலும் கணக்கு உதைக்கிறது. பிரைமரியில் ஊற்றியதைவிட 120 மி.லி. கூடுதலாக வந்தது. கியர்பாக்ஸில் ஊற்றியது சிவப்பு நிற கியர் ஆயில், பிரைமரியில் ஊற்றியது வெளிர் மஞ்சள். வடிந்தது என்ன நிறம் என்று உங்கள் இன்ஜினியரே பார்த்துக்கொள்ளலாம். படங்கள் இணைப்பில் உள்ளன.

கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (ஃப்ளூயிட் அழுத்தத்தால் புஷ்ராடைத் தள்ளும் பாகம்) கசிகிறதோ என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். அது கசிந்தால் பிரேக் ஃப்ளூயிட் கியர்பாக்ஸுக்குள் இறங்கி அளவு ஏற வேண்டும், ஹேண்டில்பாரில் உள்ள கிளட்ச் ரிசர்வாயரில் அளவு இறங்க வேண்டும். இங்கே இரண்டுமே நடக்கவில்லை.

இப்போது அளவு பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் வண்டியை லிஃப்டில் நேராக நிறுத்தி அளவு பார்த்தார்கள். சென்னையில் சைடு ஸ்டாண்டில் பார்த்தார்கள். ஹெல்ப்லைனில் "எப்படிப் பார்த்தாலும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்று இல்லை. என் மாடலின் கையேடு தெளிவாகச் சொல்கிறது: சமதளம், சைடு ஸ்டாண்டு, வண்டி ஆறிய பிறகு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் மரையின் மேல் உட்கார வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு இந்த முறை மாறும் என்பதால்தான் கையேடு என்று ஒன்றை அச்சடித்துத் தருகிறீர்கள். கோவையில் மெக்கானிக் டிப்ஸ்டிக்கை முழுதாகத் திருகி இறக்கிவிட்டு எடுத்தார். மரையின் நீளம் அளவுக்குக் குச்சி கூடுதலாக ஆயிலில் முழுகும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிடப் பெரிதல்ல. அதாவது ஆயில் குறைவாக இருக்கும் வண்டியும் அந்த முறையில் 'ஃபுல்' என்றுதான் காட்டும். சென்னையில் வண்டி நின்ற இடமோ, கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகச் சாக்கடைப் பக்கம் சரித்துப் போட்ட தரை. சைடு ஸ்டாண்டின் சாய்வோடு தரையின் சாய்வும் சேர்ந்தால் அந்த அளவுக்கு என்ன மதிப்பு? அதுவும் ஓடி வந்து நின்ற உடனே, ஆயில் இன்னும் கியர்களிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பார்த்தார்கள்.

சென்னைப் பயணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புஷ்ராடு சீல் மாற்றும் ஸ்பெஷல் டூல் சென்னையில்தான் இருக்கிறது, சீல் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று உங்கள் ஆள்தான் போனில் சொன்னார். மதுரையிலிருந்து சென்னைக்கு 460 கி.மீ. சித்திரை வெயில். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ஐந்தாவது கியரில் ஒரு ஊளைச் சத்தம். ஆயில் குறைந்த கியர்பாக்ஸோடு அந்தத் தூரம் ஓட்ட வைத்தது நீங்கள். போய்ச் சேர்ந்தால் சீல் வரவில்லை, ஆர்டரே போடவில்லை. மாலையில் வண்டியைக் கொடுத்தபோது சொன்னது: "வாட்டர் வாஷ் பண்ணிக் கொடுத்திருக்கோம் சார், ஃப்ரீ."

அந்த வாட்டர் வாஷும் எப்படி? ஹை பிரஷர் கன்னைக் கியர்பாக்ஸ் மேல்பக்கம் வைத்து அடித்திருக்கிறார்கள். வென்ட் இருக்கும் இடம் அது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும், பேரிங் துருப்பிடிக்கும். இப்போது டிப்ஸ்டிக்கில் லேசான வெண்மை தெரிகிறது. நிலைமை இப்படி இருக்கும்போது அதே அட்வைசர், "இவ்ளோ பெரிய வண்டி வாங்குறவங்க எல்லாம் யூடியூப் பார்த்துட்டு வந்து எங்களுக்கே பாடம் எடுக்கறாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழும்படி சொன்னார். அவர் பெயர் ஜாப் கார்டில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

ஜாப் கார்டை எடுக்கும்போது பில்லையும் எடுங்கள். 'கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு வரி, அதற்குக் கூலி, அதற்கு ஜி.எஸ்.டி. இந்த வண்டியில் ஹைட்ராலிக் கிளட்ச். கேபிளே கிடையாது! இல்லாத கேபிளை எந்த ஸ்பானரால் இறுக்கினார்கள் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே 'கியர் ஆயில் டாப்-அப்'. எவ்வளவு ஊற்றினார்கள், எந்தக் கிரேடு என்று ஒரு எழுத்து இல்லை. குறைந்தது ஏன் என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போனால், ஊற்றியதெல்லாம் பிரைமரிக்குத்தான் போகும். ஒருவேளை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் வென்ட் வழியாகக் கக்கும், அழுத்தமும் இன்னும் கூடும்.

டெஸ்ட் ரைடு போய்ப் பார்த்தோம், பிரச்சினை இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். மவுண்ட் ரோடு டிராஃபிக்கில் 8 கி.மீ. ஓட்டினால் இந்தக் குறை ஒருநாளும் வராது. கியர்பாக்ஸ் முழுதாகச் சூடாகி, அதே சூட்டில் நீண்ட நேரம் நிற்க வேண்டும். உண்மையிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் யு.வி. டையை (யு.வி. விளக்கில் ஒளிரும் சாயத்தை) கியர்பாக்ஸில் மட்டும் கலந்து, 200 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓட்டி, பிரைமரி கவரைத் திறந்து யு.வி. விளக்கு அடித்துப் பாருங்கள். கிளட்ச் ஹப் நடுவில் ராடு வெளிவரும் இடத்தில் பளிச்சென்று தெரிந்தால் புஷ்ராடு சீல். ஹப்புக்குப் பின்னால் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றித் தெரிந்தால் பெரிய சீல். அரை நாள் வேலை.

டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரிப் படிந்திருப்பது இயல்பு, அதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. கடைசியாக வடித்தபோது அதில் மினுமினுக்கும் சிறு செதில்கள் இருந்தன. ஆயில் குறைந்த கியர்பாக்ஸ் தேயத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? 100 கி.மீ. வேகத்தில் பேரிங் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் பொறுப்பேற்பது யார்? ஒரு வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்குப் பணம் கொட்டி வாங்கிய வண்டி இன்று பழைய இரும்புக்காரரிடம் போட்டால் வரும் விலைக்குக்கூடத் தேறாது என்ற நிலைக்கு நீங்கள் கொண்டுவந்துவிட்டீர்கள்.

அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஆயில் வடித்ததால் வாரண்டி போய்விடும் என்று ஹெல்ப்லைனில் மிரட்டியதையும் பதிவு செய்கிறேன். ஆயில் அளவு பார்ப்பதும் மாற்றுவதும் உங்கள் உரிமையாளர் கையேட்டிலேயே படிப்படியாக, போல்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வரை அச்சடிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவுப்படிதான், புது ஓ-ரிங் போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்கப்பட்டது. நீங்களே சொல்லிக் கொடுத்ததைச் செய்தால் வாரண்டி போகும் என்றால், அதை எழுத்தில் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் காட்ட உதவும்.

உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் மரியாதை இருப்பதால்தான் கடிதம் எழுதுகிறேன். வண்டி நல்ல வண்டி. சீல் மாற்றி, வென்ட் வழியைச் சோதித்து, கியர்பாக்ஸைத் திறந்து பேரிங்குகளைப் பார்த்து, செதில் எங்கிருந்து வந்தது என்று எழுத்துப்பூர்வ அறிக்கையோடு, வாரண்டியில், என்னிடம் ஒரு ரூபாய் வாங்காமல் செய்து தாருங்கள். வண்டியை மதுரையிலிருந்து லாரியில் ஏற்றிப் போய், லாரியிலேயே திருப்பி இறக்க வேண்டும். இனி ஒரு கிலோமீட்டர்கூட நான் ஓட்டி வரமாட்டேன். கேபிள் கூலியும் டாப்-அப் பணமும் ஜி.எஸ்.டி.யோடு திரும்ப வர வேண்டும். அந்த அட்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

15 நாட்களுக்குள் பொறுப்பான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும். அதற்குப் பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 460 கி.மீ. வர வேண்டியது அப்போது உங்கள் ஆட்களின் முறை.

நன்றி.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

பின்குறிப்பு: இரண்டு அறைகளிலிருந்தும் வடித்த ஆயில் தனித்தனி பாட்டில்களில் சீல் வைத்து, தேதி எழுதி என்னிடம் இருக்கிறது. மாதிரியைக் கூரியரில் அனுப்பச் சொல்லி இன்னொரு முறை இழுத்தடிக்க வேண்டாம். எண்ணெய்ப் பாட்டிலைக் கூரியர்காரர் வாங்குவதில்லை. உங்கள் இன்ஜினியர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுப் பாதியை எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி என்னிடமே இருக்கும்.