இன்னிசைக் குழுவின் வெள்ளிவிழா: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

பாளையங்கோட்டையில் நடைபெற்ற எங்கள் இன்னிசைக் குழுவின் வெள்ளிவிழாக் கச்சேரிக்கு வந்து, இருக்கை கிடைக்காமல் சுவரோரம் நின்றவர்கள் உட்பட, கடைசிப் பாட்டு வரை இருந்து கேட்டுச் சென்ற அனைவருக்கும் குழுவின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். நன்றியுரைக்கென ஒதுக்கியிருந்த நேரத்தை நீங்கள் அனுப்பிய பாட்டுச் சீட்டுகள் எடுத்துக்கொண்டன. மண்டபத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது. மேடையில் சொல்ல வேண்டியிருந்ததை, குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் இம்மடலில் எழுதுகிறேன்.

விழாவுக்கு வந்த அன்பர் ஒருவர், உங்கள் குழுவினருக்கு இதுதானே முழுநேரத் தொழில் என்று கேட்டார். பிறர் இசையமைத்துப் பிறர் பாடிப் புகழ்பெற்ற திரைப்பாடல்களை மேடையில் அப்படியே கேட்கும்படி வாசித்துக் காட்டுவது எங்கள் வேலை. அந்த வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர் எங்கள் குழுவில் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் எங்கோ ஒரு வேலையில் இருந்துகொண்டு, எங்கோ ஓரிடத்தில் கற்ற இசையை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள். ஆகவே நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு வகையினர்: கற்றுக்கொடுத்தவர்கள், விட்டுக்கொடுத்தவர்கள். தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் எனப் பலர் கேட்டுக்கொண்டதால் ஊரையும் தொழிலையும் மட்டுமே எழுதுகிறேன். உரியவர்கள் அறிவார்கள்.

எங்கள் தபேலாக்காரர் தவில் குடும்பத்தில் பிறந்தவர். பகலில் திருநெல்வேலி டவுன் ரதவீதியில் பாத்திரக் கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கிறார். தவிலின் வலப்பக்கத்தை வாசிப்பவர்கள், துணியைப் பசையோடு சுற்றிக் கெட்டியாக்கிய கூடுகளை விரல்களில் மாட்டிக்கொள்வார்கள். இடக்கையில் கழி இருக்கும். கோயில் வாசலில், ஒலிபெருக்கி இல்லாமலேயே தேரோடும் வீதி முழுவதும் கேட்க வேண்டிய வாத்தியம் அது. சிறுவயது முதல் அப்படி அடித்துப் பழகிய கைக்கு, வெறும் விரல் நுனியால் தபேலாவின் கருப்பு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டு நாதம் எடுப்பது எளிதில் வசப்படவில்லை. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர், மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்த, இஸ்லாமிய பக்திப் பாடல் கச்சேரிகளுக்கு வாசித்துவந்த பெரியவர். கடையில் தபேலா வைக்க இடம் கிடையாது. துணி வெட்டும் மேசைப் பலகையிலேயே விரலால் தட்டிக் காட்டுவார். இவர் எதிரே நின்று அதே பலகையில் திருப்பித் தட்ட வேண்டும். பலகையில் சத்தம் அதிகமாகக் கேட்டால் தவறு, மீண்டும் முதலிலிருந்து. கூலியாக ஒரு ரூபாயும் வாங்காத அந்தப் பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. விழாவுக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்த அவருடைய மகன்களுக்கு எங்கள் வணக்கமும் நன்றியும்.

பேஸ் கிட்டார் வாசிப்பவர் மின்சாதனக் கடை ஒன்றின் கணக்கர். தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வந்தவர். பாளையங்கோட்டைப் பகுதியில் ஞாயிறு ஆராதனைக்கு நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும் வழக்கம் பல தலைமுறைகளாக வேரூன்றியது. எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று ஒவ்வொரு குரலுக்கும் தனிப்பாதை உண்டு. பதினைந்து வயதில் குரல் உடைந்து, வேறு எங்கும் சேர்க்க முடியாமல் பேஸ் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டவர், மேலே போகும் மெட்டை விட்டுவிட்டுக் கீழே தனக்கென ஓடும் சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினார். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் பாடகரின் பின்னால் போகாமல் தனி மெட்டாகவே நடப்பதை ரசிகர்கள் அறிவார்கள். அந்த மெட்டுகளை அவர் முதல்முறை வாசித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அவருக்கு அது பழைய சங்கதி. அவரைப் பேஸ் வரிசையில் நிறுத்திய பாடகர் குழுத் தலைவருக்கும், சனிக்கிழமை மாலைகளில் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் போகச் சொன்ன கடை முதலாளிக்கும் நன்றி.

குழுவின் முதல் கீபோர்டுக் கலைஞர், பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் ஆர்மோனியம் பழகியவர். அரசு அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இயக்குநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். எங்கள் குழுவின் காது அவர்தான் என்பதில் எங்களில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இன்று இடையிசை தேவை என்றால் கைப்பேசியில் நூறு முறை ஓட்டிக் கேட்கலாம். அன்று கேசட்தான். இரண்டு விநாடி வாசிப்பைக் கேட்க ஒரு நிமிடம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும், சுருதியும் சேர்ந்து இறங்கும். ஐந்து கட்டைச் சுருதியில் பதிவான பாட்டு நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும். அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேட்டரியை மாற்று, இது அஞ்சு" என்பார். பிறகு வயலின் பகுதியை வாயால் பாடி வயலின்காரருக்கும், குழல் பகுதியைப் பாடிக் குழல்காரருக்கும் பிரித்துக் கொடுப்பார். பேருந்து நிலையம் அருகே கேசட் கடை வைத்திருந்தவர், புதுப்படப் பாடல்கள் வந்த அன்றே அவரை உள்ளே அமர்த்தி, விலைக்கு வாங்கச் சொல்லாமல் முழுவதையும் கேட்கவிட்டவர். கடை இப்போது இல்லை; அவருடைய நல்ல மனதை நாங்கள் மறக்கவில்லை.

டிரம்பெட் வாசிப்பவர் கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் பேண்ட் செட் குடும்பத்தைச் சேர்ந்தவர். சொந்தமாகச் சுமை ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குச் சுரக்குறிப்பு படிக்கக் கற்றுக்கொடுத்தவர் காவல்துறை பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். கீபோர்டுக்காரர் 'சி' என்று சொன்னால் டிரம்பெட்காரர் 'டி' வாசித்தால்தான் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் என்ற கணக்கை முதல் வகுப்பிலேயே சொல்லிவைத்த அவருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். அது தெரியாத குழுக்களின் ஒத்திகை எப்படி இருக்கும் என்பதை எழுதாமல் விடுவதே நாகரிகம்.

எங்கள் மூத்த பாடகர் விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையில் பணிபுரிந்தவர். அவருடைய தந்தை வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர். குடமும் உடுக்கையும் ஒலிக்க, தலைமைப் பாடகர் விட்ட இடத்தில் எடுத்து 'ஆமா' போடும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால், டி.எம்.சௌந்தரராஜன் பாடல்களை ஒலிவாங்கியை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றே அவரால் பாட முடிந்தது. ஆனால் ஆலையில் ஷிப்ட் முறை. கச்சேரி நாளன்று இரவு ஷிப்ட் விழுந்தால் மாற்றிக்கொள்ள ஒருவர் வேண்டும். பல ஆண்டுகள் அப்படி மாறிக்கொண்ட சக தொழிலாளர்கள் மூவரும் விழாவுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு கச்சேரியைக்கூட அதுவரை நேரில் கேட்டதில்லை, ஏனெனில் கச்சேரி நடக்கும் இரவுகளிலெல்லாம் அவர் ஆலையில் இருந்தார். அவருக்கு நன்றி என்று எழுதுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

இக்குழுவில் மிகக் கடினமான வேலை பாடகியரின் வேலை என்பது என் உறுதியான கருத்து. ஆண் குரல் பாடல்களை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வார்கள். பாடகி ஒருவர் மட்டும் வந்தால், பி.சுசீலா, எஸ்.ஜானகி, வாணி ஜெயராம், சித்ரா என்று நான்கு வகைக் குரலையும் ஒரே இரவில் அவரே எடுத்தாக வேண்டும். போதாததற்கு, நள்ளிரவு தாண்டி வேனில் வந்து இறங்கும் பெண்ணைப் பற்றித் தெருவில் எழும் பேச்சையும் அவரே தாங்க வேண்டும். எங்கள் பாடகியருள் ஒருவர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை பயின்று பள்ளி ஆசிரியை ஆனவர், மற்றவர் செவிலியர். ஆசிரியையின் மாமியார், தெருப்பேச்சு தொடங்கிய மாதத்திலிருந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் வேனின் முன் இருக்கையில் தாமே வந்து உட்கார்ந்தார். கச்சேரி முடியும்வரை மேடைக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பார். காலையில் தெருவழியே தலைநிமிர்ந்து மருமகளை வீட்டுக்கு அழைத்துச் செல்வார். பேச்சு தானாக அடங்கியது. ஆச்சி, உங்களுக்கு எங்கள் அனைவரின் வணக்கம். இரவுப் பணியைத் தாமாகவே மாற்றி எழுதிக்கொண்ட செவிலியர் தோழியருக்கும் நன்றி.

வெளியூர் அன்பர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1985-இல் ஆக்டோபேட் என்ற கருவி உலகச் சந்தைக்கு வந்தது. எட்டுச் சதுரங்கள் கொண்ட ஒரு பலகை. குச்சியால் தட்டினால், அதனுடன் இணைத்த கருவியிலிருந்து நாம் வேண்டும் தாள ஒலி வரும். அதன் பின்வந்த வகைகள் எங்கள் பக்கத்து மேடைகளுக்கு வந்து சேர்ந்தபோது, டோலக், காங்கோ, டிரம்ஸ் என்று மூன்று பேர் செய்த வேலையில் பெரும்பகுதியை ஒருவரே செய்துவிட முடிந்தது. வேனில் இடம் மிச்சம், சம்பளமும் மிச்சம் என்று விழாக் கமிட்டிகள் விரும்பின, நாங்களும் மாறினோம். டோலக் வாசித்தவரும் காங்கோ வாசித்தவரும் விலக நேர்ந்தது. ஒருவர் சமையல் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர் ஆனார். மற்றவர் தென்காசிச் சாலையில் பஞ்சர் கடை வைத்தார். மனக்கசப்பு இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் வெள்ளிவிழாவுக்கு அழைத்ததும் இருவரும் தோல்கருவிகளோடு வந்து ஆறு பாடல்கள் வாசித்தார்கள். பேடில் வராத ஏதோ ஒன்று அந்த ஆறு பாடல்களில் இருந்தது என்று பேட் வாசிப்பவரே ஒலிவாங்கியில் சொன்னார். இருவருக்கும் எங்கள் முதல் நன்றி சேர வேண்டும். மடலின் நடுவில் எழுதுவதால் அது குறைந்ததாக ஆகாது.

கருவிகளைக் கடனாகவும் வாடகையாகவும் கொடுத்தவர்களையும் சொல்லியாக வேண்டும். ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976-இல் மறைந்த பிறகு, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அந்தக் குடும்பம் காலம் தள்ளியது என்பது பலரும் அறிந்த செய்தி. வாடகைக் கருவிக்குப் பின்னால் ஒரு வீட்டின் அடுப்பு எரிகிறது என்பதை நாங்கள் கருவிகளை வாடகைக்கு விட்ட வண்ணார்பேட்டை அன்பர் ஒருவரிடம் கண்டோம். தாம் பிழைப்பதே அந்த வாடகையில்தான் என்றிருந்தும், தொடக்க ஆண்டுகளில் கீபோர்டைக் கொடுத்துவிட்டு, கமிட்டி பணம் தந்தால் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் மைக்செட்காரருக்கும், கோயில் கொடைவிழா முடிந்து ஊர் உறங்கிய பிறகும் எங்களோடு சேர்ந்து வயர் சுருட்டிய அவருடைய பையன்களுக்கும் நன்றி.

விழாக் கமிட்டிகளைப் பற்றி எங்களுக்குக் குறைகளும் உண்டு. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. 2005-இல் உச்சநீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்திய பிறகு, விடிய விடியக் கச்சேரி என்ற பழைய வழக்கம் ஆட்டம் கண்டது. இனி இன்னிசைக் கச்சேரியே வேண்டாம் என்று சில ஊர்கள் முடிவெடுத்த நேரத்தில், மாலை ஆறு மணிக்கே மேடையைத் தயார் செய்து, கொடை நிகழ்ச்சிகளின் வரிசையையே எங்களுக்காக மாற்றியமைத்த ஊர்ப் பெரியவர்கள் உண்டு. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய எங்களுக்கு, உண்மையைச் சொன்னால், அது பெரும் உதவி. அதேபோல் 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, பங்குனியும் சித்திரையும் எங்கள் கச்சேரிக் காலம்; வாங்கிய முன்பணத்தை எல்லோரும் ஏற்கெனவே செலவழித்திருந்தோம். அதைத் திருப்பிக் கேட்காமல், அடுத்த கொடைக்கு வாசியுங்கள் என்று சொன்ன கமிட்டிகளுக்கும், உவரிக் கடற்கரைப் பகுதியிலிருந்து கருவாடும் அரிசியும் கொடுத்தனுப்பிய ரசிகர்களுக்கும் நன்றி.

எங்களைப் போன்றோரைத் திரைப்பாடல்களின் நகல் என்று சிலர் குறைவாகச் சொல்வதுண்டு. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இளையராஜாவும் சகோதரர்களும் அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகச் சுற்றியதும், எஸ்.பி.பாலசுப்பிரமணியம் தொடக்க காலத்தில் நடத்திய மெல்லிசைக் குழுவில் அச்சகோதரர்கள் வாசித்ததும் வரலாறு. நாங்கள் அந்த உயரத்துக்குப் போகவில்லை, போகும் வழியும் எங்களுக்குத் தெரியாது. அவர்கள் ஏறிய படிகளின் கீழ்ப்படியில் நின்று இத்தனை ஆண்டுகள் வாசித்தோம்; அது எங்களுக்கு நிறைவாகவே இருந்தது.

விழாச் செலவு போக மீதமான தொகை, குழுவின் முடிவுப்படி, எங்கள் முதல் கீபோர்டுக் கலைஞரின் மருத்துவச் செலவுக்கு வழங்கப்பட்டுவிட்டது. கணக்கைப் பார்க்க விரும்பும் நன்கொடையாளர்கள் ஞாயிறு மாலை ஒத்திகைக்கு வரலாம். விழா முடிந்து சாமான்களை ஏற்றியபோது எங்களுக்குச் சொந்தமில்லாத இரண்டு மைக் ஸ்டாண்டுகளும் ஒரு சோடி மோர்சிங்கும் எங்கள் வேனில் வந்துவிட்டன. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர், குழுவினர் அனைவரின் சார்பில்
பாளையங்கோட்டை