துண்டுச்சீட்டு மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

கேரள எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை ஆட்களுக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவை வரை இருக்கிற என் சொந்தங்களுக்கும்,

குரல் வந்துவிட்டது. முழுசாக இல்லை. காலையில் எழுந்தால் கரகரவென்றுதான் இருக்கிறது. நேற்று அடுப்படியைப் பார்த்து "அம்மா" என்றேன். "யாரது?" என்று உள்ளிருந்து கேட்டாள். பிறகு கரண்டியோடு வெளியே வந்து நின்று அழுதாள்.

தொண்டையில் தையல் போடும்படி என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி அதையே எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ராப் பாடுகிற நான் நடித்த படத்துக்கு, வேறொருவர் குரலை வைத்து டப்பிங்கை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். "உன் வாயிலதான் அந்த ஊர்ப் பேச்சு வரும், காத்திருக்கேன்" என்று சொன்ன இயக்குநருக்கு நன்றி. ராத்திரி ரெண்டு மணிக்கும் முகம் சுளிக்காத சிஸ்டர்மாருக்கும், "ம்" என்று ஒற்றை ஒலியிலிருந்து என்னைத் திரும்பப் பேசப் பழக்கிய சேச்சிக்கும், கேட்காமலேயே பணம் திரட்டிய சித்தூர் கல்லூரித் தோழர்களுக்கும், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கும், மெழுகுவர்த்தி ஏற்றியவர்களுக்கும், விளக்குப் போட்டவர்களுக்கும், துவா செய்தவர்களுக்கும் நன்றி. பேர் சொன்னால் யாராவது விட்டுப்போவார்கள், அப்புறம் கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. வேலந்தாவளம் சந்தையில் ஏலம் விடுகிறவர். சொந்தமில்லை, ஆனாலும் மாமா.

பதினான்கு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிசுகிசுவென்று பேசுவதும் கூடாது, அது தொண்டையை இன்னும் கெடுக்குமாம். பேசாமல் இருப்பதுகூட எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. பார்க்க வந்தவர்கள் பேசியதுதான் கஷ்டம். வாய் பேசாதவனைக் கண்டால் நம் ஆட்களுக்கு அவன் காதும் கேட்காது என்று தோன்றிவிடுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிணற்றுக்குள் விழுந்தவனிடம் பேசுகிற மாதிரி கத்துகிறார்கள். "இனிமே பாட முடியுமாங்க?" என்று என் அம்மாவிடம் என் தலைக்கு மேலேயே கேட்டவர்களும் உண்டு.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா வந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தலைமுடியெல்லாம் கலைந்து, சட்டையில் கொத்தமல்லி வாசத்தோடு. விடிவதற்கு முன்பே ஆரம்பித்து நூறு பேருக்குக் கேட்கிற மாதிரிக் கத்திப் பிழைக்கிற மனிதர். வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா டீ கொடுத்தபோதும் தலையைத்தான் ஆட்டினார். அரை மணி நேரம் கழித்து, சந்தைச் சீட்டின் பின்பக்கம் என்னமோ எழுதி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

"தக்காலி பொட்டி 310. வெண்ட 24. பொடலங்கா ஆளில்ல."

அவ்வளவுதான். நாலாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளி, அதற்குப் பிறகு மலையாளப் பள்ளி என்பதால் அவர் எழுத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். பாதி எழுத்து இங்கே, பாதி எழுத்து அங்கே, எங்கள் ஊர் மாதிரியே. நான் அதைப் படித்தேன். படிக்கும்போது அவர் குரலிலேயே உள்ளே ஓடியது. முன்னூறு, முன்னூத்திப்பத்து, பத்து, பத்து, பத்தேய்ய்... அந்த அறைக்கு வந்த பிறகு என் தலைக்குள் தாளம் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பதினான்காம் நாள் வரைக்கும் வந்தார். நான் பேசாத அறையில் அவரும் பேசமாட்டார் என்று யாரிடமும் சொல்லாமலே ஒரு நியாயம் வைத்துக்கொண்டார். படத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு காட்சியில் நான் பதினோரு டேக் வாங்கினேன். ராப் பாடுகிறவனுக்கு இடைவெளி என்றாலே நிரப்பத்தான் தோன்றும். மாமாவை அப்போதே ஒருநாள் உட்காரவைத்துப் பார்த்திருக்கலாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு இழுத்தேன்.

நான் பத்தாவது படிக்கும்போது, 2012-ல், கோயம்புத்தூர் ராப் பாடகர் ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது. பஸ்ஸில் ஒரே இயர்போனை மூன்று பேர் பகிர்ந்து கேட்டோம். அதற்கு முந்தின வருஷம் இணையத்தில் ஒரு பாட்டு பரவியதே, அதைப் பாடியவர் நம்ம பக்கத்துக்காரர் என்பதே பெரிய செய்தி. 2015-ல் 'ஆம்பள'யில் இசையமைப்பாளர் ஆனார். 2017-ல் தன் கதையையே எழுதி, இயக்கி, நடித்து, 'மீசைய முறுக்கு' என்று கொண்டுவந்தார். அப்புறம் முனைவர் பட்டமும் வாங்கினார். மைக்கிலிருந்து கேமராவுக்குப் போக ஒரு வழி இருக்கிறது, அது எங்கள் பஸ் ரூட்டிலேயே இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த வரிசைதான். "பாட்டு போதாதா, நடிப்பு வேறயா?" என்று கேட்ட சித்தப்பாவுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்.

ஆனால் எனக்கு முதல் வகுப்பு எடுத்தது ஆதி இல்லை. சந்தை. அப்பாவோடு புடலங்காய் கொண்டுபோகிற நாட்களில் மாமா ஏலம் விடுவதைக் கேட்டுத்தான் மூச்சு எங்கே வாங்குவது, எண்ணை எங்கே மடக்குவது என்று தெரிந்துகொண்டேன். 2019-ல் அவர் குரலை போனில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, வெட்டி, என் முதல் பாட்டுக்கு அடித்தாளமாகப் போட்டேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்ததே அந்தப் பாட்டால். படத்துக்குக் கூப்பிட்டதும் அந்தப் பாட்டால். அவரிடம் கேட்கவில்லை. பிறகும் சொல்லவில்லை. சந்தையில் பையன்கள் அவரைப் பார்த்து அந்த வரியைப் பாடிக் கிண்டல் செய்தார்கள் என்று கேள்விப்பட்டு, ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அடுத்தவர் ஒலியை எடுத்துக் கட்டுவதுதான் ஹிப் ஹாப்பின் பிறவிக் குணம், வாஸ்தவம். 1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் டி.ஜே. கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துச் செய்ததும் அதுதான். ஆனால் 1979-ல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டு வந்தபோது, அதன் அடியில் ஓடுவது தங்கள் 'குட் டைம்ஸ்' பாட்டு என்று ஷிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் கேட்டார்கள். அவர்கள் பேரும் பாட்டில் சேர்ந்தது. அந்தக் கதையை நான் மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அடியில் மாமா குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பதினான்காம் நாள், மறுநாள் பேசலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி அவரிடம் நீட்டினேன். மன்னிப்பு, காசு, பேர் போடுவது எல்லாம். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வழக்கம்போலச் சந்தைச் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினார்.

"அன்னைக்கி அந்தப் பொட்டி 240க்கு முடிஞ்சுது கண்ணு. நீ 210லயே வெட்டிப்புட்ட. கேக்குறவன் என்னைய என்ன நெனப்பான்."

தொண்டையில் தையல் இருப்பவன் சிரிக்கக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல.

காசு வேண்டாம் என்றுவிட்டார். அதை அவர் வீட்டு அத்தையிடம் பேசிக்கொள்கிறேன். பாட்டில் பேர் ஏறிவிட்டது, போய்ப் பார்க்கலாம். டப்பிங் இருபது நாளில். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி.

மாமா, திங்கக்கிழமை விடியறதுக்குள்ள சந்தைக்கு வர்றேனுங்க. போன் கொண்டாறேன், இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் அமுக்குவேன். 240 வரைக்கும் எண்ணுங்க.